காசாவின் கதவருகே ஒரு கூட்டுவாழ்வுக் கிராமம்

காசா நகரின் கிழக்குப் பகுதிக்கு நேரெதிரே, எல்லை வேலியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், நஹால் ஓஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 2023ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் நானூறு பேரளவினரே. கோதுமை வயல்களும், மாட்டுப் பண்ணையும், பொது உணவுக்கூடமும், ஒரு சிறு கல்லறைத் தோட்டமுமே அவ்வூரின் அடையாளங்கள். இத்துணைச் சிறிய ஊர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. எனினும் அதன் எழுபதாண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவோர், அதனுள் ஒரு முழு நாட்டின் வரலாறும், அந்நாட்டின் அயலாராய்க் கிடந்து வருந்தும் மற்றொரு மக்களினத்தின் வரலாறும் பின்னிக் கிடப்பதைக் காண்பர்.

இக்கிராமத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதன் நடுவில் நிற்கும் ஒரு கல்லறையுரையைக் குறித்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திருப்பணிவிடையாளராகிய நாம் கல்லறையருகே நின்று பேசும் கடமையுடையவர்கள். இயற்கையாய் மரித்தோருக்கு மட்டுமன்றி, பகையில் வெட்டுண்டு மாண்டோருக்கும் நாமே அடக்க ஆராதனை நடத்துகிறோம். அவ்வேளையில் நாம் கூறும் சொல் என்ன, கூறாது விடும் சொல் என்ன என்பது அற்பமான வினாவன்று.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு அவசியம். நமது திருமறை 'இஸ்ரவேல்' என்கிறது. நாளிதழ்கள் 'இஸ்ரேல்' என்கின்றன. முன்னது உடன்படிக்கையின் மக்களைக் குறிப்பது. பின்னது 1948ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட தற்கால அரசைக் குறிப்பது. தமிழில் இவ்வேறுபாடு எழுத்திலேயே அமைந்திருப்பது நமக்கு நன்மையே. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு வரலாற்றைப் படிப்போர், திருமறையையும் பிழைபடப் படிப்பர். வரலாற்றையும் பிழைபடப் படிப்பர்.

1. கூட்டுவாழ்வு என்னும் கருத்து

இத்தகைய கூட்டுவாழ்வுக் கிராமங்களை எபிரேய மொழியில் கிபுட்ஸ் என்பர். இவற்றுள் முதலாவது, கலிலேயாக் கடலின் தென்முனையில் உம் ஜூனி என்னுமிடத்தில் 1910இல் ஏற்பட்ட டெகானியா ஆகும். பத்து ஆடவரும் இரு பெண்டிரும் அதனைத் தொடங்கினர். ரஷ்யப் பேரரசில் யூதர் பட்ட கொடுந்துன்பங்களுக்குத் தப்பி வந்த இளைஞர் தலைமுறையைச் சார்ந்தவர்கள் அவர்கள். வட்டிக்கடையும் சிறு வணிகமுமே யூதருக்கு உரியவை என்று ஐரோப்பா விதித்த எல்லையைத் தகர்த்து, தம் கைகளால் மண்ணை உழுது புதிய மனிதராய் எழவேண்டுமென்பது அவர்தம் வேட்கை. முதுமையை நெருங்கும் பருவத்தில் அந்நாட்டிற்கு வந்து, மண்வெட்டி பிடித்து உழைத்து, டெகானியாவிலேயே 1922இல் மறைந்த ஏ. டி. கோர்டன் என்பவர், உடலுழைப்பே மனிதனைத் திருத்தும் சமயமென்று போதித்தார்.

கிபுட்ஸில் தனியுடைமை இல்லை, ஊதியம் இல்லை. இயன்ற அளவு உழைப்பதும் தேவையான அளவு பெறுவதுமே அதன் நெறி. உணவு பொதுக்கூடத்தில், துணி பொதுச் சலவையகத்தில், முடிவுகள் உறுப்பினர் அனைவரும் கூடும் பொதுச்சபையில். பெரும்பாலான கிபுட்ஸுகளில் குழந்தைகளும் பல்லாண்டுக் காலம் பொது இல்லங்களிலேயே வளர்க்கப்பட்டனர். இவற்றைப் படிக்கும்போது அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் நமக்கு நினைவுக்கு வருவது இயல்பே. எருசலேம் சபையார் சிலகாலம் வாழ்ந்து காட்டியதை, சமயப்பற்றில்லாத இவ்விளைஞர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ முயன்றனர். இதன் மேன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

நிலமும் எவருக்கும் தனிச்சொத்தாக இருக்கவில்லை. 1901இல் தொடங்கப்பட்ட யூத தேசிய நிதி நிலங்களை வாங்கி, விற்பனைக்கு அப்பாற்பட்டவையாக வைத்து, குடியேறியோருக்குக் குத்தகைக்கு அளித்தது. நிலம் ஆண்டவருடையது, அதனை நிரந்தரமாக விற்றல் ஆகாது என்னும் லேவியராகமத்தின் சட்டத்தை (25:23) இது நினைவூட்டும். ஆயின் இவ்வேற்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. அந்நிலம் யூத மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒருமுறை நிதியின் கைக்கு வந்தபின் அரபுக் குடியானவன் கைக்கு மீளவில்லை. கிபுட்ஸில் கூலியாள் வைப்பதில்லை என்னும் கொள்கையும் அவ்வாறே. பிறர் உழைப்பைச் சுரண்டலாகாது என்னும் நன்னோக்கம் அதில் இருந்தது; அதே கொள்கை அந்நிலத்தில் முன்பு உழுதும் அறுத்தும் வந்த அரபுத் தொழிலாளியை வேலியின் புறத்தே நிறுத்தவும் செய்தது. கெர்ஷோன் ஷாபிர் என்னும் இஸ்ரேலிய ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். வேலிக்குள்ளே எல்லாம் பொது. வேலிக்கு வெளியேயுள்ளவனுக்கு அதில் பங்கு இல்லை. நஹால் ஓஸ் வரலாற்றுக்குள் நுழையுமுன் இதனை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

2. கோடு விழுந்த விதம்

1947 நவம்பர் முதல் 1949 வரை நடந்த போரில் ஏறத்தாழ 7,00,000 பாலஸ்தீனர் தம் இல்லங்களை இழந்தனர். காசா மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாயின. அவற்றுள் ஹூஜ் என்பது ஒன்று. யூத அயலாரோடு நல்லுறவு பேணிய ஊர் அது. 1946இல் பிரிட்டிஷ் படையினர் தேடியபோது யூதப் போராளிகளைத் தம்மிடையே மறைத்துக் காத்தோர் அவ்வூரார். எனினும் 1948 மே இறுதியில் இஸ்ரேலியப் படை அவர்களையும் காசாவை நோக்கித் துரத்திவிட்டது. நட்புப் பாராட்டியவனுக்கும் பகைத்தவனுக்கும் அன்று ஒரே பாதைதான் திறந்திருந்தது.

இவ்வாறு சுமார் 80,000 மக்கள் வாழ்ந்த ஒரு கடற்கரைத் துண்டுக்குள் சுமார் 2,00,000 அகதிகள் வந்து குவிந்தனர். அத்துண்டு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், ஆறு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலமும் உடையது. 1949 பிப்ரவரி 24ஆம் நாள், பவுலடிகளின் பயணத்தில் நாம் படிக்கும் ரோது தீவில், எகிப்தும் இஸ்ரேலும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதில் வரையப்பட்ட கோடு அரசியல் எல்லையாகக் கொள்ளத்தக்கதன்று என்று அவ்வுடன்படிக்கையே கூறிற்று. எல்லையல்லாத கோடுதான் எல்லையாயிற்று. மக்களை ஒருபுறமும் அவர்தம் வயல்களை மறுபுறமும் அது பிரித்தது.

தொடர்ந்த ஆண்டுகளில் இக்கோட்டைக் கடந்து வந்தோர் பலர். இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் படைக்கலமின்றி வந்தவர்கள். விட்டுவந்த பொருளை எடுக்கவும், தம் வயலின் விளைச்சலை அறுக்கவும், உறவினரைக் காணவும் வந்தவர்கள். சிலர் களவாடவும், சிலர் கொல்லவும் வந்தனர். 1949 முதல் 1956 வரை எல்லைகளனைத்திலும் இவ்வாறு கடந்துவந்தோரில் 2,700 முதல் 5,000 பேர் வரை சுட்டுக் கொல்லப்பட்டனரென்றும், இஸ்ரேலியக் குடிமக்களில் ஏறக்குறைய 200 பேர் ஊடுருவியோரால் உயிரிழந்தனரென்றும் அவர் கணக்கிடுகிறார். அக்கோட்டின் ஓரத்தில்தான் நம் கிராமம் எழுந்தது.

3. ஏரும் துப்பாக்கியும்

நஹால் என்பது 1948இல் இஸ்ரேலியப் படையில் ஏற்படுத்தப்பட்ட பிரிவு. 'போரிடும் முன்னோடி இளைஞர்' என்னும் பொருள்தரும் எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்பெயராயிற்று. இளைஞரும் இளம்பெண்டிரும் படைப்பணியையும் பயிர்த்தொழிலையும் இணைத்துச் செய்து எல்லையோரங்களில் புதுக் குடியிருப்புகளை நிறுவுவதே அதன் பணி. 1951இல் அப்பிரிவு நிறுவிய முதற் குடியிருப்பு காசாவுக்கு எதிரே அமைந்தது. தொடக்கத்தில் 'காசாவுக்கு எதிரேயுள்ள நஹால் வீரர்' என்னும் பொருளிலேயே அதற்குப் பெயர். 1953இல் அது குடிமக்கள் வாழும் கிபுட்ஸாக மாற்றப்பட்டு, நஹால் ஓஸ் எனப்பட்டது. 'ஓஸ்' என்றால் வலிமை.

அங்கு வந்தோர் இருபது வயதை ஒட்டியவர்கள். நிழலுக்கு மரமில்லை, கோடையில் புழுதி, மாரியில் சேறு. 1955இல் யார்க்கோன் ஆற்றிலிருந்து தெற்கே நீர் கொணரும் பெருங்குழாய் திறக்கப்பட்ட பின்னரே நெகேவின் மேற்குப் பகுதியில் பாசன வேளாண்மை செழித்தது. இவ்விளைஞர் கற்றார், உழைத்தார், நட்டார். ஆனால் அவர்கள் உழுத சால் முடியுமிடத்தில் நின்று நோக்கினால் காசாவின் வீடுகள் தெரியும். அங்கிருந்து நோக்குவோருக்கும் இவ்வயல்கள் தெரியும். ஆண்டுதோறும் பயிர் பசுமையாகி முற்றிப் பொன்னிறமாவதை இருபுறத்தாரும் கண்டனர். ஒரு புறத்தார் மட்டுமே அறுத்தனர்.

4. 1956ஆம் ஆண்டுக் கல்லறையுரை

1955 பிப்ரவரி 28ஆம் நாள் இஸ்ரேலியப் படை காசாவிலுள்ள எகிப்தியப் படைமுகாமைத் தாக்கியது. முப்பதுக்கு மேற்பட்ட எகிப்திய வீரர் இறந்தனர். அதன்பின் எகிப்து பாலஸ்தீனத் தாக்குதற் குழுக்களைப் பயிற்றுவித்து அனுப்பத் தொடங்கியது. 1956 ஏப்ரல் 5ஆம் நாள் காசா நகரின் மீது இஸ்ரேலியப் பீரங்கிகள் சுட்டதில் ஐம்பதுக்கு மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். அதற்கடுத்த நாள்களில் இஸ்ரேலுக்குள் ஊடுருவிய குழுக்கள், ஒரு பள்ளியின் ஜெபக்கூடத்தில் இருந்த சிறுவர்கள் உட்படப் பலரைக் கொன்றன. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட் அரிதின் முயன்று அமைதி ஏற்படச் செய்தார்.

ஏப்ரல் 29ஆம் நாள், நஹால் ஓஸின் பாதுகாப்புப் பொறுப்பாளரான ரோயி ரோட்பெர்க் என்னும் 21 வயது இளைஞர், வயலில் யாரோ பயிர் அறுக்கக் கண்டு அவர்களை விரட்டக் குதிரைமீது சென்றார். மறைந்திருந்தோர் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் கோட்டிற்கு அப்பால் இழுத்துச் சென்றனர். ஐக்கிய நாடுகளின் பார்வையாளர் வாயிலாகச் சிதைந்த உடல் திரும்பி வந்தது. மறுநாள் அடக்கம் நடந்தது.

அக்கல்லறையருகே பேசியவர் இஸ்ரேலியப் படைத்தலைவர் மோஷே தயான். கொலைக்குச் சற்றுமுன் தான் அக்கிராமத்துக்கு வந்திருந்து அவ்விளைஞரைச் சந்தித்தவர் அவர். தயான் 1915இல் டெகானியாவில், முதற் கிபுட்ஸின் தொடக்ககாலக் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கூட்டுவாழ்வு இயக்கத்தின் கனவு, அதன் மகன் ஒருவரின் வாயால், தன் எல்லைக் கிராமத்தின் பிணக்குழியருகே பேசியது எனலாம்.

அவ்வுரை மிகச் சுருக்கமானது. கேட்டவர்கள் பகைவர்மீது சாபத்தை எதிர்பார்த்திருப்பர். தயான் அதைக் கூறவில்லை. கொன்றவர்களைக் குற்றஞ்சாட்ட வேண்டாமென்றார். எட்டாண்டுகளாகக் காசாவின் முகாம்களில் உட்கார்ந்து, தாங்களும் தங்கள் மூதாதையரும் வாழ்ந்த நிலங்களையும் ஊர்களையும் நாம் நம் உடைமையாக்குவதைத் தம் கண்ணாரக் காண்போர் நம்மை வெறுப்பதில் வியப்பென்ன என்று வினவினார். அவ்விளைஞரின் இரத்தப்பழியைக் காசாவின் அரபியரிடமன்று, விழிப்பிழந்த நம்மிடமே கேட்கவேண்டுமென்றார். பகைவனின் வழக்கை இத்துணை நேர்மையாக எடுத்துரைத்த கல்லறையுரை வரலாற்றில் அரிது.

ஆனால் அந்நேர்மையிலிருந்து அவர் பெற்ற முடிவு வேறு. இவ்வெறுப்பு மாறாதது, ஆதலால் வாளைக் கைவிடாதிருப்பதே நம் தலைமுறையின் விதி, இரும்புத் தொப்பியும் பீரங்கியும் இன்றி நாம் ஒரு மரம் நடவோ வீடு கட்டவோ இயலாது என்றார். மாண்டவர் அமைதியை விரும்பியதாலேயே பதுங்கியிருந்த கொலையின் ஓசையைக் கேளாது போனார் என்றார். இறுதியாகச் சிம்சோனின் வரலாற்றைத் தொட்டு, காசாவின் கதவுகள் அவ்விளைஞரின் தோள்களுக்குத் தாங்கமுடியாத பாரமாயின என்று முடித்தார்.

அடுத்த நாள் தயான் அவ்வுரையை வானொலிக்கெனப் பதிவு செய்தார். அதில் அகதிகளின் கண்ணோட்டத்தை எடுத்துரைத்த பகுதி இடம்பெறவில்லை. கல்லறையருகே நின்ற சிலர் கேட்ட உண்மையை நாடு முழுவதும் வானொலியில் கேட்கவில்லை. வாளைப் பற்றிய பகுதி மட்டும் எஞ்சியது.

நஹால் ஓஸின் வரலாற்றில் நாம் மிக ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. அயலானின் துயரத்தை அறியாமையால் மட்டும் பகை நிலைபெறுவதில்லை. தயான் அறிந்திருந்தார். அறிந்ததை அச்சத்தின் பக்கம் திருப்பிவிட்டார். பின்பு அறிந்ததையே மறைத்துவிட்டார். நோயை நன்கு உணர்ந்த மருத்துவன், நோயாளியிடம் பாதியைக் கூறி, மருந்தென நஞ்சைத் தந்ததை ஒக்கும் இது.

5. இடைக்காலம்

1956 இறுதியில் நடந்த சினாய்ப் போரில் இஸ்ரேல் காசாவைக் கைப்பற்றி, 1957 மார்ச்சில் திரும்பிச் சென்றது. அதன்பின் பத்தாண்டுகள் ஐக்கிய நாடுகளின் அவசரப் படையினர் அக்கோட்டின் ஓரத்தில் காவல் நின்றனர். அப்படையில் நம் இந்திய நாட்டு வீரர்களும் தொடக்கம் முதல் இறுதிவரை பணியாற்றினர். 1959 முதல் 1964 வரை பி. எஸ். கியானியும், 1966 முதல் 1967 வரை இந்தர்ஜித் ரிக்கியும் அப்படை முழுவதற்கும் தலைவர்களாயிருந்தனர். நஹால் ஓஸ் கண்ட அமைதியான ஆண்டுகள் இவையே. இரு பகைவரிடையே மூன்றாமவர் நிராயுதபாணிபோல் நின்ற பத்தாண்டுகளில் வயல்கள் விளைந்தன, குழந்தைகள் வளர்ந்தனர். 1967 மே மாதத்தில் எகிப்து கேட்டுக்கொண்டதன்பேரில் அப்படை விலக்கப்பட்டது. வெளியேறி முடியுமுன்பே ஜூன் 5ஆம் நாள் போர் மூண்டதில், இந்திய வீரர் பலர் காசா மண்ணில் உயிரிழந்தனர்.

அப்போரில் காசா இஸ்ரேலின் ஆட்சிக்குள்ளாயிற்று. கோடு மறைந்ததுபோல் தோன்றியது. காசாவின் தொழிலாளர் பல்லாயிரவர் நாள்தோறும் இஸ்ரேலுக்குள் வந்து வயலிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு உழைத்தனர். எல்லையோரக் கிராமத்தார் காசாவின் சந்தைக்குச் சென்றுவந்தனர். ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைக்கும் பழக்கம் அக்காலத்தில் உண்டாயிற்று. எனினும் ஒருவர் குடியுரிமையுடையவர். மற்றவர் படையாட்சியின் கீழிருந்தவர். 1987 டிசம்பரில் காசாவில் எழுந்த கிளர்ச்சி அவ்வமைதியின் உள்ளீடு எத்தகையதென்று காட்டிற்று.

1990களில் வேலி எழுந்தது. 2005இல் இஸ்ரேல் தன் குடியேறிகளையும் படையையும் காசாவிலிருந்து விலக்கிக்கொண்டது. 2007இல் ஹமாஸ் இயக்கம் அங்கே ஆட்சியைக் கைப்பற்ற, முற்றுகை இறுகிற்று. காசாவுக்கு எரிபொருள் சென்ற குழாய்வழி ஒருகாலத்தில் நஹால் ஓஸ் அருகிலேயே இருந்தது. 2008 ஏப்ரலில் அந்நிலையம் தாக்கப்பட்டு இரு இஸ்ரேலியத் தொழிலாளர் கொல்லப்பட்டனர். பின்னர் அது மூடப்பட்டது. 2014 ஆகஸ்டில் காசாவிலிருந்து வந்த குண்டொன்று நஹால் ஓஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொன்றது. அக்கோடையின் போரில் காசாவில் மாண்டோர் 2,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் குழந்தைகள். 2018இல் வேலியருகே திரண்டு, மூதாதையர் நிலத்துக்குத் திரும்பும் உரிமை கோரியோர்மீது இஸ்ரேலியப் படை சுட்டதில் மே 14ஆம் நாள் மட்டும் அறுபதளவில் இறந்தனர். காசாவிலிருந்து பறக்கவிட்ட தீப்பட்டங்களால் எல்லைக் கிராமங்களின் கோதுமை வயல்கள் எரிந்தன.

இதற்கிடையே கிபுட்ஸ் இயக்கமும் தளர்ந்திருந்தது. 1980களின் பொருளாதார நெருக்கடியில் கடன் மிகுந்தது. பொது இல்லங்களை விட்டுக் குழந்தைகள் பெற்றோரிடம் திரும்பினர். நாட்டின் பெரும்பாலான கிபுட்ஸுகள் வேறுபட்ட ஊதியமுறைக்கு மாறின. சமத்துவக் கனவு மங்கிற்று, வேலி உயர்ந்தது.

6. 2023 அக்டோபர் 7

நஹால் ஓஸ் தன் எழுபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட ஆயத்தமாயிருந்த ஓய்வுநாள் அது. விடியற்காலையில் ஹமாஸ் படையினர் வேலியைத் தகர்த்து உட்புகுந்தனர். மக்கள் குண்டுகளுக்குத் தப்பக் கட்டிய காப்பறைகளுக்குள் தம் பிள்ளைகளோடு ஒளிந்தனர். அவ்வறைகள் வானிலிருந்து விழுவதைத் தடுக்க அமைக்கப்பட்டவை. ஆள் புகாதபடி பூட்டுவதற்கென்று அமைக்கப்பட்டவையல்ல. ஊரார் பதின்மருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சிலர் காசாவுக்குக் கடத்தப்பட்டனர். ஊருக்கு அருகிலிருந்த படைத்தளத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர்; எல்லையைக் கண்காணித்து வந்த இளம்பெண்கள் பலர் அவர்களுள் அடங்குவர். வேளாண்மை கற்க தான்சானியா நாட்டிலிருந்து வந்து, மூன்று வாரமும் நிறையாதிருந்த 21 வயது மாணவர் ஒருவரும் கொல்லப்பட்டார். அவரது உடல் 2025 நவம்பரில்தான் திரும்பிக் கிடைத்தது. அன்று இஸ்ரேல் முழுவதிலும் இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர். கடத்தப்பட்டோர் சுமார் 250 பேர். இது கொலை. எந்த முன்வரலாறும் இதனை வேறு பெயரால் அழைக்க இடந்தராது.

அதனைத் தொடர்ந்த போரில், 2025 அக்டோபர் 10ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த வேளையில், காசாவின் சுகாதாரத் துறைக் கணக்கின்படி இறந்தோர் 67,000க்கு மேற்பட்டோர். நஹால் ஓஸுக்கு எதிரேயிருந்த ஷுஜாயியா என்னும் நகர்ப்பகுதி இடிபாடாயிற்று. 2023 அக்டோபர் 19ஆம் நாள், காசாவின் தொன்மையான பர்பீரியு ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர் பதினைந்துக்கு மேற்பட்டோர் இஸ்ரேலிய வான்தாக்குதலில் மாண்டனர். நம் திருநெல்வேலியில் ஊழியஞ்செய்த சி.எம்.எஸ். சங்கமே 1882இல் காசாவில் தொடங்கிய மருத்துவமனையும் போரின் நடுவே பலமுறை சேதமுற்றது. அதற்கும் முன்வரலாறு காரணங்காட்ட இயலாது.

நஹால் ஓஸ் மக்கள் வடக்கேயுள்ள மிஷ்மார் ஹாஎமெக் என்னும் மற்றொரு கிபுட்ஸில் புகலிடம் பெற்றனர். தம் வீடுகளை விட்டு அகதிகளாய் வாழ்வது இன்னதென்று அவர்களும் அறிந்தனர். 2025 முதல் சில குடும்பங்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்கின. வேலியின் மறுபுறத்தாரோ திரும்புவதற்கு வீடற்றவர்களாயிருந்தனர்.

7. நமக்குரியவை

முதலாவது, சிம்சோனின் வரலாற்றை நாம் போதிக்கும் முறை. காசாவின் கதவுகளைப் பெயர்த்துச் சென்ற செய்தி (நியாயாதிபதிகள் 16:1-3) நம் பிரசங்கபீடங்களில் பெரும்பாலும் தேவபலத்துக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அவ்வதிகாரத்தை முடிவுவரை படிப்பின், அதே காசாவில் கண்ணிழந்து மாவரைத்தவனாய், பகைவரோடு தானும் மாளும் சிம்சோனையே காண்கிறோம். கதவைப் பெயர்த்த வலிமை அவனைக் காசாவின் பகையினின்று விடுவிக்கவில்லை. தயான் அவ்விளைஞருக்குச் சிம்சோனை உவமையாக்கியபோது, கதையின் முடிவையும் அறிந்தே கூறினாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. இதனைப் போதிக்கும் நாம், இன்றைய காசாவில் வாழ்வோரைப் பெலிஸ்தராக்கி விடாதிருத்தல் கடமை. அவர்களுள் நம் சகோதர சகோதரிகளும் உளர்.

இரண்டாவது, கல்லறையருகே நாம் பேசும் சொல். நம் நாட்டிலும் சாதிக் கலவரத்தில் வெட்டுண்டோரின் உடல் முன் நிற்கவேண்டிய நாள் போதகருக்கு வருகிறது. அந்நாளில் தம்மவர் துயரை முழுமையாய்ச் சுமந்து பேசுவது முதற்கடமை. அதில் குறைவைத்தல் கொடுமை. ஆயின் மறுதெருவிலும் ஒரு பிணம் கிடப்பின், அதனையும் அவர் அறிவார். அறிந்ததைக் கூறுவதற்குத் துணிவு வேண்டும். கூறியபின் மறுநாள் சபையின் முகத்துக்கஞ்சி அதனை அழித்துவிடாதிருக்க மேலும் துணிவு வேண்டும். அடக்கத்தன்று அப்பகுதி கேட்கப்படாமற் போகலாம். ஆனால் அழிக்கப்பட்டால் அடுத்த தலைமுறை அதனைக் கேட்கும் வாய்ப்பே அற்றுப்போம்.

மூன்றாவது, ஐக்கியத்தின் எல்லை. எருசலேம் சபையின் பகிர்வு வாழ்வு முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது எங்கே? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்கமொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடப்பட்டனர் என்ற முறுமுறுப்பில். எல்லாவற்றையும் பொதுவாய் அனுபவித்த சபையிலும் வேற்று மொழியார் விளிம்பில் நின்றனர். அச்சபை அம்முறுமுறுப்பைப் பகையென்று கொள்ளவில்லை; அதற்குச் செவிகொடுத்து எழுவரை நியமித்தது. அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருப்பது நோக்கற்பாலது. விடப்பட்டோரின் தரப்பினர் கையிலேயே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலும்.

அவ்வெழுவருள் ஒருவர் பிலிப்பு. எட்டாம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வழியிலே செல்லும்படி தேவதூதன் அவருக்கே பணித்தான். புறக்கணிக்கப்பட்டோரின் குறையைக் கேட்கப் பழகிய ஒருவர் அவ்வழியே அனுப்பப்பட்டார். அங்கே அவர் கண்டது பகைவனையல்ல, வேதத்தைப் படித்துக்கொண்டே வந்த எத்தியோப்பிய மந்திரியை. அவனருகே ஏறி அமர்ந்து, அவன் கேட்ட வினாவிலிருந்தே தம் போதனையைத் தொடங்கினார். காசாவுக்குச் செல்லும் பாதையில் திருச்சபை முதன்முதலில் நடந்த விதம் அது. இறையியல் பயிலும் இளைஞர் நாளை தம் சபைகளில் காசாவைப் பற்றிப் பேச நேரும்போது, சிம்சோனின் தோள்களோடு பிலிப்புவின் செவிகளையும் நினைவிற்கொண்டு பேசுவார்களாக.